கோபம் என்று நினைத்தது அழுகை: புதுச்சேரியில் நான் போன எட்டு வார வகுப்பு

முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு மாடி. சனிக்கிழமை மதியம் 2 மணியிலிருந்து 5 மணி வரை வகுப்பு, மொத்தம் 8 வாரம். மனுஷ உறவுகளையும் உணர்ச்சிகளையும் பற்றிப் பழைய தத்துவ நூல்கள் சொன்னதையும் இன்றைய உளவியல் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறார்கள். கட்டணம் 2,400 ரூபாய், இரண்டு தவணையாகக் கொடுக்கலாம். எங்கள் அணியில் 16 பேர். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. நடத்துகிற இரண்டு பேரும் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயரில்லாமலே எழுதுகிறேன். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியை, எங்கள் எல்லோருக்கும் 'அம்மா'. இன்னொருவர் 35 வயதிருக்கக்கூடிய உளவியலாளர். அவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டோம்.

நான் கடலூர் முதுநகரில் ஒரு மீன்வலைக் கடையில் 27 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். வீடு திருப்பாதிரிப்புலியூரில். தத்துவம் படித்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த குறள்கள் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான். இந்த வகுப்புக்கு நான் போனது என் தம்பிக்காக.

என்னைப் பெற்ற அம்மா இறந்து பதினாறாம் நாள் காரியம். நெல்லிக்குப்பத்தில் தம்பி வீட்டில்தான் நடந்தது. பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் பாக்கி எவ்வளவு என்று பார்க்க நோட்டை எடுத்தேன். செலவில் பாதி நான் போடுவதாகத்தான் பேச்சு. தம்பி திரும்பிப் பார்த்தான். "ஏன்க்கா, அம்மாவுக்காக வந்தியா, கணக்கு பாக்க வந்தியா?" என்றான். பங்காளிகள், சம்பந்தி வீட்டார் எல்லோரும் இருந்தார்கள். நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குக் காத்திராமல் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு நாலு வருஷம் நாங்கள் பேசவில்லை. நெல்லிக்குப்பத்துக்கும் என் வீட்டுக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம்.

போன வருஷம் ரத்தக் கொதிப்பு ஏறியபோது டாக்டர், "மனசுல ஏதாவது வச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். அதனால் வேறு ஊரில் ஓர் ஆலோசனை மையத்துக்கு ஒரு தடவை போனேன். 40 நிமிஷத்துக்கு 900 ரூபாய். நான் சொல்லி முடிப்பதற்குள், "கூடப் பொறந்தவர்தானே, மன்னிச்சு விட்டுடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விட்டுவிட முடிந்திருந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்? அந்த ஞாபகம் இருந்ததால் புதுச்சேரிக்குப் பஸ் ஏறியபோது எனக்குப் பெரிய நம்பிக்கை எதுவும் இல்லை.

முதல் வாரம் அறிமுகத்திலேயே போய்விட்டது. ஒரே ஒரு விஷயம் பிடித்தது. "இங்கே பேசினது இந்த மாடிப்படியைத் தாண்டக் கூடாது" என்று அம்மா சொன்னார். 'நம்ம முன்னோர் அப்பவே சொல்லிட்டாங்க' என்ற வாக்கியத்தை யாரும் வகுப்பில் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். தமிழ் சொல்லிக்கொடுத்தவர் வாயிலிருந்து இது வந்தது எனக்கு ஆச்சரியம். இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொல்கிற இடத்தைவிட, வேறு வேறாகச் சொல்கிற இடத்தில்தான் நமக்குப் படிக்க ஏதாவது கிடைக்கும் என்பது அவர் எண்ணம். எட்டு வாரமும் அந்தப் பிடியை அவர் விடவில்லை.

இரண்டாம் வாரம் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். மனுஷ உடம்பின் கோட்டுப்படம் மட்டும் அதில் இருந்தது. "உங்களை ரொம்ப நாளா வருத்துற ஒரு சம்பவத்தை நினைச்சுக்குங்க. உடம்புல எங்க தெரியுதோ அங்க குறியுங்க" என்றார் சார். உணர்ச்சி முதலில் மனசில் வந்து பிறகு உடம்புக்கு வருகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கர் 1884-இல் எழுதிய கட்டுரையில் அதைத் திருப்பிப் போட்டார். அழுவதால் வருந்துகிறோம், நடுங்குவதால் பயப்படுகிறோம் என்பது அவர் வாதம். அது முழுக்கச் சரியா என்று இன்றும் சண்டை ஓயவில்லையாம். அம்மா அந்த இடத்தில் ஒரு சொல்லை மட்டும் கரும்பலகையில் எழுதினார்: மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு. உள்ளே நடப்பது உடம்பில் தெரிவதற்குத் தொல்காப்பியம் வைத்த பெயர். அந்த நூலின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது.

நான் பதினாறாம் நாளை நினைத்துக்கொண்டு தாளில் தொண்டையைக் குறித்தேன். பக்கத்தில் இருந்தவர் கன்னத்தையும் கையையும் குறித்திருந்தார். நாலு வருஷமாக எனக்குத் தம்பி மேல் கோபம், கோபம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். கோபத்துக்கு ஏன் தொண்டை அடைக்க வேண்டும்? அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரத்தைப் பற்றி விவரமாக எழுத வேண்டும். கட்டணம் முழுவதும் அந்த ஒரு மதியத்துக்கே தகும் என்பது என் கருத்து.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடு சொல்கிறார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நாலு நாலு காரணம், ஆக 32. வெகுளி, அதாவது கோபம், பிறப்பதற்கு அவர் சொல்கிற நாலு காரணம் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உடம்பின் உறுப்பை அறுப்பது, குடும்பத்துக்கும் சார்ந்தவர்களுக்கும் கேடு செய்வது, அலைக்கழித்துத் துன்புறுத்துவது, கொல்வது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது, இழந்துபோவது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை.

அம்மா இதை எழுதிப்போட்டு விளக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டார். சார் எழுந்து அரிஸ்டாட்டில் கோபத்துக்குச் சொன்ன விளக்கத்தைச் சொன்னார். தகாத முறையில் நம்மை ஒருவர் அற்பமாக நடத்திவிட்டார் என்று தோன்றும்போது, வலியோடு சேர்ந்து வருகிற பழிவாங்கும் ஆசைதான் கோபம் என்பது அவர் சொன்னது. கிரேக்கர் கணக்கில் இகழ்ச்சி கோபத்துக்கு விதை. தொல்காப்பியர் கணக்கில் அதே இகழ்ச்சி அழுகைக்கு விதை, அதுவும் பட்டியலில் முதல் இடத்தில்.

வில்லியனூரிலிருந்து வந்த ஒரு பெரியவர், "அலைங்கறதுல திட்டுறதும் வராதா?" என்று கேட்டார். வரலாம் என்று அம்மா ஒப்புக்கொண்டார். ஆனாலும் இகழப்பட்டவன் அழுகிறான் என்பதுதான் தொல்காப்பியருக்கு முதலில் தோன்றியிருக்கிறது, அதைக் கவனியுங்கள் என்றார். பிறகு சார் தம் பங்குக்கு ஒன்று சொன்னார். 1980-களில் லெஸ்லி கிரீன்பெர்க், சூ ஜான்சன் போன்றவர்கள் உணர்ச்சியை மையமாக வைத்த ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். முதலில் வருகிற உணர்ச்சி ஒன்று, அதை மறைத்துக்கொண்டு மேலே வருகிற உணர்ச்சி இன்னொன்று என்று அவர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். மேலே தெரிவது பல பேருக்குக் கோபம்; அடியில் கிடப்பது பல சமயம் காயமோ பயமோ.

பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தேன். தொண்டை. பெற்ற அம்மாவை இழந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. நாலு பேர் முன்னால் இகழப்பட்டதும் அதே இடத்தில்தான். இளிவு, இழவு இரண்டும் ஒரே பந்தலில் நடந்திருக்கிறது. அன்றைக்கு நான் அழுதிருக்க வேண்டியது. அழாமல் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன். அந்த மாடியில் 15 பேர் முன்னால் அழுதேன். யாரும் சமாதானம் சொல்ல வரவில்லை. ஒரு பெண் சுக்குக் காபி டம்ளரை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நாலாம் வாரம் எபிக்டெட்டஸ் என்ற பழைய தத்துவஞானி. அடிமையாகப் பிறந்தவர், இன்றைய துருக்கியில் இருக்கிற ஹீராபோலிஸ் ஊர்க்காரர். மனுஷரைக் கலக்குவது நடந்த விஷயம் இல்லை, அதைப் பற்றி அவர்கள் கொண்ட கருத்துதான் என்பது அவர் சொன்னது. இதைத் தம் வேர்களில் ஒன்று என்று ஒப்புக்கொண்டுதான் ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளர் 1955-இல் தம் சிகிச்சை முறையைத் தொடங்கினார். பிறகு வந்த ஆரன் பெக்கும் இந்த மரபைக் குறிப்பிட்டிருக்கிறார். தாளில் மூன்று பத்தி போட வேண்டும்: நடந்தது, நான் நினைத்தது, அதனால் ஆனது. கணக்கெழுதுகிறவளுக்கு இது சுலபம். இரண்டாவது பத்தியில் 'எல்லோர் முன்னாலும் என்னைக் காசு பார்க்கிறவளாக்கினான்' என்று எழுதினேன். "அந்தப் பத்தியில வேற என்ன எழுத முடியும்?" என்று கேட்டார் சார். ரொம்ப நேரம் யோசித்தேன். அவன் மூன்று ராத்திரி தூங்கவில்லை. காரியத்துக்காக வட்டிக்கு வாங்கியிருந்தான். சம்பந்தி வீட்டார் முன்னால் நான் நோட்டை விரித்தபோது, வாங்கின கடன் வெளியே வந்துவிடுமோ என்று அவனுக்குத் தோன்றியிருக்கலாம். அப்படித்தான் என்று இன்றும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அப்படியும் இருக்கலாம் என்று ஒரு வரி எழுத முடிந்ததே எனக்குப் புதுசு.

இங்கே ஒரு குறையைச் சொல்ல வேண்டும். இந்த மூன்று பத்திப் பயிற்சியை எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுத்தது சரியில்லை. எங்கள் அணியில் ஒரு பெண்ணுக்கு வீட்டில் அடி. 'நீங்க நினைச்சது என்ன' என்று அவரைக் கேட்பது, தப்பை அவர் தலையில் வைப்பது மாதிரி ஆகிவிடும். அவரே அதைச் சொன்ன பிறகுதான் சார் நிறுத்தினார். தனியாக உட்கார்ந்து பேசி, உதவி கிடைக்கும் இடங்களைச் சொன்னார். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய எச்சரிக்கை அது.

ஐந்தாம் வாரம் ஏமாற்றம். பௌல்பி, எயின்ஸ்வொர்த் என்ற இரண்டு ஆய்வாளர்கள், குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பு என்று ஒரு பெரிய விஷயத்தை ஒரு மணி நேரத்தில் ஓட்டிவிட்டார்கள். திரையில் வந்ததெல்லாம் ஆங்கிலம். பாதிப் பேர் பேனாவை மூடி வைத்துவிட்டார்கள். பாட்டியும் அத்தையும் சேர்ந்து வளர்த்த பிள்ளைகள் நாங்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கே ஹார்வர்டில் 1938-இல் தொடங்கிய நீண்ட ஆய்வைப் பற்றியும் பேச்சு வந்தது. நல்ல உறவுகள் இருப்பவர்கள் ஆரோக்கியமாகவும் சந்தோஷமாகவும் இருக்கிறார்கள் என்பது அதில் தெரியவந்த முக்கியமான விஷயம். முதலில் அதில் சேர்க்கப்பட்ட 724 பேரும் ஆண்கள் என்பதை ஒருவர் கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

ஆறாம் வாரம் மறுபடியும் கோபத்துக்குத் திரும்பினோம். 'தன்னைத்தான் காக்கின் சினங்காக்க' என்ற குறளைப் பிடித்துக்கொண்டு, சினத்தைக் காப்பது என்றால் அடக்கி வைப்பது என்றே நான் வாழ்ந்திருக்கிறேன். ஜேம்ஸ் கிராஸ் 1998-இல் வெளியிட்ட ஆய்வைச் சார் விளக்கினார். கையை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சைப் படத்தைப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு பிரிவினர் முகத்தில் எதுவும் காட்டக் கூடாது. இன்னொரு பிரிவினர் அதை ஒரு மருத்துவப் பாடம் மாதிரி தள்ளி நின்று பார்க்க வேண்டும். முகத்தில் காட்டாதவர்களுக்கு உள்ளே இருந்த அருவருப்பு குறையவில்லை, உடம்பின் பதற்றம் கூடவும் செய்தது. பார்வையை மாற்றிக்கொண்டவர்களுக்கு அருவருப்பே குறைந்தது. அந்த அதிகாரத்தின் பெயர் வெகுளாமை, வெகுளியை மறைத்தல் என்று வள்ளுவர் பெயர் வைக்கவில்லை என்றார் அம்மா. என் ரத்தக் கொதிப்பு மாத்திரை ஞாபகம் வந்தது.

அதே நாளில் செனெகா. ரோமாபுரிக்காரர், கோபத்தைப் பற்றி மூன்று பகுதியாக ஒரு நூல் எழுதினார். அதை யாருக்கு எழுதினார் என்று கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது: தம் அண்ணன் நொவாட்டஸுக்கு. கோபத்துக்குப் பெரிய மருந்து தாமதம் என்பார். ராத்திரி விளக்கை எடுத்த பிறகு, அவர் வழக்கம் தெரிந்த மனைவி பேசாமல் இருக்க, அன்றைக்குத் தாம் சொன்னதையும் செய்ததையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாராம். தம்மிடமே எதையும் ஒளிக்க மாட்டாராம். இதை வீட்டுப் பாடமாகக் கொடுத்தார்கள். நான் இன்னும் செய்கிறேன். கடைக் கணக்கு முடிக்கிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் நாலு வரி.

ஏழாம் வாரம் உப்பு. அம்மா ஒரு கிண்ணத்தில் கல்லுப்பு வைத்து மூன்று விஷயத்தைச் சொன்னார். வள்ளுவர், 'உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது மிக்கற்றால் நீள விடல்' என்கிறார். ஊடல் சாப்பாட்டில் உப்பு மாதிரி அளவாக இருக்க வேண்டும். அதை நீள விடுவது உப்புக் கூடிப்போன மாதிரி. அரிஸ்டாட்டில் நட்பைப் பற்றிப் பேசும்போது, பழமொழி சொல்கிற அளவு உப்பைச் சேர்ந்து தின்று தீர்க்கும்வரை இரண்டு பேர் ஒருவரையொருவர் அறிய முடியாது என்கிறார். நம் ஊரில் உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம். ஒன்றில் உப்பு கோபத்தின் அளவு, இன்னொன்றில் சேர்ந்து வாழ்ந்த காலம், மூன்றாவதில் நன்றி. மூன்றையும் ஒன்றாக்கிவிடாமல் தனித்தனியாக விட்டார்.

சார் அதற்குப் பக்கத்தில் ஜான் காட்மனை வைத்தார். தம்பதிகள் சண்டை போடுவதைப் பதிவு செய்து பல வருஷம் ஆராய்ந்தவர். உறவைக் கெடுப்பவை என்று குறை சொல்லுதல், இகழ்தல், தற்காத்துப் பேசுதல், சுவர் மாதிரி பேசாமல் இருந்துவிடுதல் என்ற நாலைச் சொல்கிறார். இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் பேச்சு காதில் ஏறாது, குறைந்தது 20 நிமிஷம் விலகி இருந்துவிட்டுத் திரும்பி வந்து பேச வேண்டும் என்பது அவர் யோசனை. இது அமெரிக்கத் தம்பதிகளை வைத்துச் சொன்னது, அக்கா தம்பிக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சார் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் 20 நிமிஷம் என்றதும் மனசு தானாகக் கணக்குப் போட்டது. நான் எடுத்துக்கொண்டது நாலு வருஷம். திரும்பி வருகிற பாதியை நான் செய்யவே இல்லை.

அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அரியாங்குப்பம், தவளக்குப்பம், முள்ளோடை என்று ஒவ்வொரு ஊராகக் கடந்தபோது அப்பர் ஞாபகமாகவே இருந்தது. அதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை, எங்கள் ஊர்க் கதை என்பதால் எனக்கே தோன்றியது. பெற்றோர் போய், நிச்சயித்த மாப்பிள்ளையும் போரில் போன பிறகு, தம்பிக்காகவே உயிர் வைத்திருந்தவர் அப்பரின் அக்கா திலகவதியார். அந்தத் தம்பி சமணம் தழுவி எங்கள் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் போய்விட்டார். வயிற்று வலி தாங்காமல் ஆள் அனுப்பியபோது அக்கா அங்கே வர மாட்டேன் என்றுதான் சொன்னார். தம்பிதான் ராத்திரியில் திருவதிகைக்கு வந்து சேர்ந்தார். வந்தவரிடம் திலகவதியார் போன வருஷங்களின் கணக்கைக் கேட்கவில்லை. பிற்பாடு எங்கள் ஊர்க் கோயிலில் அப்பர் பாடிய பதிகம், 'ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய் உடன்தோன்றினராய்' என்று தொடங்கும். சின்ன வயசிலிருந்து கேட்கிற பாட்டு. உடன் தோன்றியவர் என்ற சொல் அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நெல்லிக்குப்பம் போனேன். போன் செய்யவில்லை. தம்பி வீட்டில் இல்லை. தம்பி மனைவி கதவைத் திறந்தவள், "வாங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், சர்க்கரை போடாத காபியைக் கொண்டுவந்தாள். எனக்குச் சர்க்கரை வியாதி வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான். யாரோ சொல்லிக் கேட்டு வைத்திருக்கிறாள். ஒரு மணி நேரம் கழித்துத் தம்பி வந்தான். செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் திண்ணையிலேயே நின்றான். "எப்ப வந்தே?" என்றான். பிறகு பின்கட்டு முருங்கை போன புயலில் சாய்ந்ததைப் பற்றிப் பேசினோம். கிளம்பும்போது, "அன்னைக்கு நான் அழுதிருக்கணும்டா, கோச்சுக்கிட்டுப் போயிட்டேன்" என்று சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை. பஸ் நிறுத்தம் வரை கூட வந்தான். கடனைப் பற்றியோ நோட்டைப் பற்றியோ நாங்கள் இன்னும் பேசவில்லை.

எட்டாம் வாரம் விடைபெறுவதுதான். சுண்டல் நன்றாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். முழங்கால் வலி இருப்பவர்கள் முதலிலேயே சொன்னால் கீழே திண்ணையில் நடத்துகிறார்கள். கழிப்பறை கீழே. மதிய நேரத்தில் இரண்டு மின்விசிறி போதாது. ஆங்கிலத் தாள்களைத் தமிழில் கொடுக்கச் சொல்லி நாங்கள் எழுதிக்கொடுத்தோம், அடுத்த அணிக்குச் செய்கிறோம் என்றிருக்கிறார்கள்.

இது சிகிச்சை இல்லை என்று அவர்களே முதல் நாளில் சொல்கிறார்கள். தூக்கம் சாப்பாடு இல்லாமல் கிடப்பவர்கள், உயிர் மேல் வெறுப்பு வந்தவர்கள் இந்த வகுப்பை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி-மானஸ் எண் 14416. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுகிறார்கள். தனியாக மருத்துவ உளவியலாளரிடம் போவதானால், இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் அவர் பதிவு செய்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் இந்தச் சாரிடம் கேட்டேன், கோபிக்காமல் சான்றிதழை எடுத்துக் காட்டினார்.

தை மாதம் அடுத்த அணி தொடங்குகிறது. தம்பி மனைவி வருகிறேன் என்றாள். அவள் பெயரைக் கொடுத்து முதல் தவணையும் கட்டிவிட்டேன். நெல்லிக்குப்பத்திலிருந்து 12 மணிக்குள் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டால் போதும், புதுச்சேரி பஸ்ஸில் நான் கூடப் போய் இறக்கிவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.